ஃப்ளோட் ட்யூபில் உட்கார்ந்து காற்றோடு மல்லுக்கட்டலாமா?

நண்பர் கேட்டிருப்பது இதுதான்: கலிஃபோர்னியாவில் இருக்கிறார், புதிதாக ஃப்ளோட் ட்யூப் (உட்கார்ந்து மிதந்தபடி மீன் பிடிக்கும் காற்றடைத்த ட்யூப்) வாங்கியிருக்கிறார், ஜூன் மாதம் மைத்துனரோடு மாமத் லேக்ஸ் பக்கம் போய் க்ரௌலி ஏரியில் ட்ரௌட் மீன் பிடிக்கத் திட்டம். மதியமானால் அங்கே காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். பெரிய ஃபின்ஸ் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) வாங்கினால் சமாளிக்கலாமா, நங்கூரம் போட்டு உட்காரலாமா, காற்றடித்தால் மீன் நன்றாகக் கடிக்கும் என்கிறார்களே அது நிஜமா, இரண்டு ட்யூபையும் சேர்த்துக் கட்டிக்கொண்டால் பாதுகாப்பா என்று நான்கு கேள்விகள். நான்குக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான், காற்று வந்த பிறகும் நின்ற இடத்திலேயே நின்று பிடிக்க முடியுமா என்பது. இளங்காற்றில் முடியும். க்ரௌலியின் மதியக் காற்றில் முடியாது. காற்று நம்மை எந்தக் கரைக்குத் தள்ளும் என்பதைப் பார்த்து அதற்கேற்ப எங்கே இறங்குவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், மற்றதெல்லாம் சில்லறை விஷயம்.

சியர்ரா நெவாடாவின் கிழக்குப் பக்க ஏரிகளில் பல வருடங்களாக ட்யூபில் மீன் பிடிக்கிறேன், ஆனால் வழிகாட்டித் தொழில் செய்பவன் இல்லை. கீழே காற்று, தண்ணீர், குளிர் பற்றிச் சொல்வதை அப்படியே நம்பலாம். மீன் என்ன நினைக்கும் என்று சொல்வதில் பாதி ஊகம், அதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சாதனத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கிணற்றில் லாரி ட்யூப் போட்டு நீச்சல் பழகியவர்களுக்குப் புரிந்துவிடும், ஃப்ளோட் ட்யூபின் பூர்வீகமே லாரி ட்யூபின் நடுவில் கேன்வாஸ் இருக்கை தைத்ததுதான். இப்போது வருபவை பெரும்பாலும் முன்பக்கம் திறந்த யு அல்லது வி வடிவத்தில் இருக்கும், முதுகுக்குச் சாய்மானம், இரண்டு பக்கமும் பைகள். கால்கள் தண்ணீருக்குள் தொங்கும். அதில் ஃபின்ஸ் மாட்டி உதைத்தால் ட்யூப் பின்னோக்கிப் போகும். அதாவது போகிற திசைக்கு எப்போதும் நம் முதுகுதான் காட்டும். நிதானமாக உதைத்தால் கரையில் நடக்கும் வேகத்தில் பாதிகூட வராது, உயிரைக் கொடுத்து உதைத்தால் கொஞ்சம் கூடும், ஆனால் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது.

இங்கேதான் ஃபின்ஸ் கேள்விக்கான பதில் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் காற்றில் சுகமாக நின்ற இடத்தில், 20 ஆனதும் நான்கு மடங்கு விசையைக் கால் தாங்க வேண்டும், 30 ஆனால் ஒன்பது மடங்கு. எந்தக் கடையிலும் நான்கு மடங்கு ஃபின்ஸ் விற்பதில்லை. நல்ல ஃபின்ஸ் வித்தியாசம் தரும், மறுக்கவில்லை. ரொம்பக் குட்டையான, வளவளவென்று மடங்குகிற மலிவுச் சரக்கை மாற்றினால் அன்றைக்கே தெரியும். ஆனால் முரட்டுத்தனமான நீள ஃபின்ஸ் மாட்டினால் பழக்கமில்லாத கணுக்காலும் தொடையும் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும், நடு ஏரியில் தசைப்பிடிப்பு வந்தால் நீங்கள் வாங்கிய ஃபின்ஸே உங்களுக்கு எதிரி. ட்யூபின் உருவமும் கணக்கில் வரும். உயரமாக, இடுப்பு நனையாமல் உட்காரவைக்கிற மாடல்கள் அமைதியான நாளில் சொகுசு, காற்றில் பாய் விரித்த மாதிரி. பழைய வட்ட ட்யூபில் ஈரமாக, தாழ்வாக உட்கார்ந்திருப்போம், மெதுவாகத்தான் போகும், ஆனால் காற்று பிடிக்க அங்கே அதிகம் எதுவும் இல்லை. நீங்கள் வாங்கியது எந்த வகை என்று எழுதவில்லை, உயரமான வகை என்றால் கீழே சொல்லும் எல்லாவற்றிலும் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். சாய்மானத்தில் மாட்டியிருக்கும் தேவையற்ற மூட்டை, நிமிர்ந்து நிற்கும் கைவலை எல்லாவற்றையும் கீழே இறக்கிவைப்பதுகூட உதவும்.

சரி, க்ரௌலிக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் தண்ணீர்த் துறை 1941-ல் ஓவன்ஸ் ஆற்றின் குறுக்கே லாங் வேலி அணையைக் கட்டியதால் உண்டான நீர்த்தேக்கம் அது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,070 மீட்டர் உயரம், நிறைந்திருக்கும்போது ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். மேற்கே சியர்ராவின் சுவர் மாதிரியான மலைத்தொடர், சுற்றிலும் மரம் மட்டை அதிகம் இல்லாத திறந்த மேட்டுநிலம். கோடையில் காலை வேளை கண்ணாடி போல இருக்கும், வெயில் ஏறி நிலம் சூடானதும் மலைக்கு மேலிருந்து மேற்கு, தென்மேற்குக் காற்று இறங்கும். கிழக்குச் சரிவு நெடுகிலும் இதே கதைதான், வடக்கே நெவாடா பக்கம் இந்த மதியக் காற்றுக்கு வாஷோ செஃபிர் என்று பெயரே உண்டு. தினமும் அடிக்கும் என்றில்லை, ஆனால் அடிக்கும் என்று வைத்துத் திட்டம் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

இதில் பொறி ஒன்று இருக்கிறது. ட்யூப்காரர்கள் அதிகம் இறங்கும் இடம் மெகீ பே. மெகீ ஓடை வந்து சேர்கிற, மலைப் பக்கத்து விரிகுடா. மேற்குக் காற்று அடித்தால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் கரையிலிருந்து ஏரிக்குள் அடிக்கும். கரையோரம் தண்ணீர் சலனமில்லாமல் இருக்கும், ஏனென்றால் அலை உருவாக அங்கே இடமே இல்லை. நூறு இருநூறு மீட்டர் உள்ளே போனால் சிற்றலை, இன்னும் போனால் வெள்ளை நுரை. கரையில் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் அமைதியாகத் தெரியும், உள்ளே போனவர் கிழக்கே போய்க்கொண்டே இருப்பார். கிழக்குக் கரையில் பார்க்கச் சுவாரசியமான கல் தூண்கள் இருக்கின்றன, படம் எடுக்க ஆட்கள் கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள், நீங்கள் ட்யூபில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுவல்ல. அதனால் மெகீ பேயில் இறங்கினால் கரையை ஒட்டியே பிடியுங்கள். நல்ல வேளையாக அந்த ஏரியில் ட்ரௌட் பாசி விளிம்பிலும் பழைய ஓடைத்தடத்திலும்தான் அதிகம் திரியும், நடு ஏரிக்குப் போக வேண்டிய வேலையே இல்லை. காற்று கரையை நோக்கி அடிக்கிற பக்கம் இறங்கினால் அலை மூஞ்சியில் அடிக்கும், தண்ணீர் கலங்கும், இறங்கி ஏறுவதும் சிரமம், ஆனால் கால் ஓய்ந்தால் கார் இருக்கும் கரைக்கே தள்ளிவிடும். அசௌகரியமான கரை பத்திரமான கரை, சொகுசான கரை ஆபத்தான கரை. புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எங்கே இறங்கினாலும் முதல் பத்து நிமிடம் தூண்டிலைத் தொடாமல் ஒரு சோதனை செய்யுங்கள். கரையில் ஒரு பாறையையும் அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ ஒரே கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்க் கடற்கரைக்காரர்கள் கோபுரத்தையும் மலையையும் வைத்து இடம் குறிப்பார்களே, அதே வழி. உதைப்பதை நிறுத்தி அந்தக் கோடு எவ்வளவு வேகமாகக் கலைகிறது என்று பாருங்கள். அப்புறம் காற்றை எதிர்த்து, பேசிக்கொண்டே உதைக்கக்கூடிய வேகத்தில் உதையுங்கள். முன்னேறினால் நல்லது. நின்ற இடத்திலேயே நிற்கத்தான் முடிகிறது என்றால் காற்று இன்னும் கொஞ்சம் ஏறினாலும் தோற்றுவிடுவீர்கள், கரையிலிருந்து அகலாதீர்கள். மூச்சு வாங்கினால் அன்றைக்கு ட்யூப் வேண்டாம். அந்த உயரத்தில் சமவெளியிலிருந்து வந்த முதல் நாள் மூச்சு எப்படியும் வாங்கும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். முதலில் காற்றை எதிர்த்துப் போய்விட்டு, திரும்பும்போது காற்றோடு வருவது என்பது பழைய விதி. நல்ல விதிதான், ஆனால் கரைக்கு இணையாகக் காற்று வீசும் நாளில்தான் அது முழுசாகப் பொருந்தும்.

இதையெல்லாம் மீறிக் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டால்? நேருக்கு நேர் மோதாதீர்கள். காற்றுக்குக் குறுக்காக, சாய்வாக, உங்களால் எட்டக்கூடிய அடுத்த கரையை நோக்கி உதையுங்கள், கார் நிற்கும் இடத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ட்யூபைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடப்பது அலுப்பு மட்டும்தான். அதற்காகவே தோள்பட்டை வார் இருக்கிற ட்யூபாகப் பார்த்து வாங்கச் சொல்வேன், காலில் ஃபின்ஸுக்குள் நடக்கத் தோதான பூட்ஸ் இருக்கட்டும். ஃபின்ஸோடு கரையேறும்போது பின்பக்கமாகவே நடந்து ஏறுங்கள், முன்பக்கமாக நடந்தால் நுனி மண்ணில் குத்தி விழுவீர்கள்.

வானிலை முன்னறிவிப்பைப் பார்க்கும்போது சராசரிக் காற்றை விட்டுவிட்டு, சுழற்றி அடிக்கிற உச்ச வேகத்தைப் பாருங்கள். அந்தப் பகுதிக்கு ரீனோவில் இருக்கும் தேசிய வானிலைச் சேவை அலுவலகம் ஏரிக் காற்று எச்சரிக்கை விடும், அது வந்த நாளில் போய் மோட்டல் அறையில் ஃப்ளை (முள்ளில் நூலும் இறகும் கட்டிச் செய்யும் பூச்சி போன்ற போலி இரை) கட்டுங்கள். எச்சரிக்கை வரவில்லை என்பதால் பத்திரம் என்று அர்த்தமில்லை, அந்த எச்சரிக்கை ட்யூப்களை மட்டும் மனதில் வைத்து எழுதப்படுவதில்லை. மலை உச்சிக்கு மேல் வழவழப்பான லென்ஸ் வடிவ மேகம் நகராமல் நின்றால் மேலே பலத்த காற்று இருக்கிறது என்பது நிச்சயம், அது கீழே ஏரிக்கு இறங்குமா என்பது நிச்சயமில்லை. அதைப் பார்த்தால் கரைக்குப் பக்கத்தில் வந்துவிடுவது என் வழக்கம், பல நாள் அது வீண் பயமாக முடிந்ததும் உண்டு. ஆனால் தூரத்தில் தண்ணீர் கருத்து, கோடு போட்டது போல உங்களை நோக்கி வந்தால் அதில் சந்தேகமே வேண்டாம், நிமிடக் கணக்கில் காற்று உங்கள் மேல் இருக்கும். அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் காற்று மணிக்கு 12-லிருந்து 19 கிலோமீட்டருக்குள், நுரை அடிக்கடி தெரிந்தால் 20-ஐத் தாண்டிவிட்டது என்று கடலோடிகளின் போஃபர்ட் அளவுகோல் சொல்லும். சின்ன ஏரியில் அலை முழுசாக வளர இடம் போதாது என்பதால் உண்மைக் காற்று அதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். நுரை அடிக்கடி தெரியும் முன்பே நான் கரையில் இருப்பேன்.

நங்கூரம் பற்றி ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது. க்ரௌலியில் தக்கையின் கீழ் மிட்ஜ் (கொசு போன்ற சின்னப் பூச்சி) வடிவ ஃப்ளையைத் தொங்கவிட்டு அசையாமல் காத்திருக்கும் முறைதான் பிரபலம் என்பதால், ஒரே இடத்தில் நிற்க நங்கூரம் நிஜமாகவே உதவும். இளங்காற்றில், ஆழம் குறைந்த இடத்தில், ஒன்றரைக் கிலோ எடையில் ஒன்று போட்டுக்கொள்வதை நான் குறை சொல்லமாட்டேன். காற்று ஏறிய பிறகு கதையே வேறு. கட்டிய பக்கத்தை அலை கீழே இழுக்கும், கயிறு ஃபின்ஸில் சுற்றும், மீனும் அதே கயிற்றைத்தான் தேடிப்போய்ச் சுற்றும். போட்டால் கயிறு நீளமாக இருக்கட்டும், ஆழத்தைப் போல மூன்று மடங்காவது. ஒரே இழுப்பில் கழன்றுவிடும் முடிச்சாக, கைக்கு எட்டும் இடத்தில் கட்டுங்கள், கத்தி ஒன்றும் கிட்டத்தில் இருக்கட்டும். நங்கூரத்தை இழந்தால் சில டாலர்தான். என்னைக் கேட்டால் புதியவர் முதல் பருவத்தில் நங்கூரமே எடுத்துப் போக வேண்டாம், கால் பழகட்டும்.

மீன் கேள்விக்கு வருவோம், இதுதான் சுவாரசியமானது. காற்று அடித்தால் அலை வெளிச்சத்தை உடைக்கும், மீனுக்கு மேலே நடப்பது தெளிவாகத் தெரியாது, கூச்சம் குறைந்து மேட்டுப்பகுதிக்கு வரும். இதைக் கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், என் அனுபவமும் அதுதான். தக்கை அலையில் ஏறி இறங்குவதால் ஃப்ளை தானாகவே மேலும் கீழும் ஆடும், புழுப் பருவம் முடிந்து மேலே எழுகிற மிட்ஜைப் போலவே. அமைதியான தண்ணீரில் அரை மணி நேரம் தொடாத மீன் சிற்றலை வந்ததும் இழுப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். காற்றுக்கு இணையாக நீளநீளமாக நுரைக் கோடுகள் தெரிவதும் வெறும் அழுக்கு அல்ல, தண்ணீர் சுருள்சுருளாகச் சுழன்று மேலே மிதப்பவற்றை அந்தக் கோடுகளில் சேர்க்கிறது. அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் அட்லாண்டிக் கடலைக் கடக்கும்போது கடற்பாசி வரிசைகளைப் பார்த்து, பிறகு 1938-ல் விளக்கிய சுழற்சி. காற்றில் விழுந்த எறும்பும் வண்டும் அங்கேதான் கிடைக்கும், அதன் ஓரத்தில் தூண்டில் போடுவது வீண் போவதில்லை.

ஆனால் காற்று மோதும் கரையில்தான் மீன் என்ற பொதுவிதியை க்ரௌலியில் நான் அவ்வளவாக நம்புவதில்லை. காற்று தள்ளிச் செல்வது மேலே மிதக்கும் நுண்ணுயிர்களையும் பூச்சிகளையும். அங்கே ட்ரௌட்டின் முக்கியச் சாப்பாடான மிட்ஜ் புழு ஏரியின் அடிச்சேற்றில் இருக்கிறது, காற்று அதைத் தொடுவதில்லை. கோடையின் பிற்பகுதியில் ட்ரௌட் சாக்ரமெண்டோ பெர்ச் மீன்குஞ்சுகளைத் துரத்தும் காலத்தில் வேண்டுமானால் இந்த விதி ஓரளவு வேலை செய்யலாம். அதோடு இன்னொரு கணக்கும் உண்டு, பலத்த காற்று ஒரு நாள் முழுக்க அடித்தால் சூடான மேல்தண்ணீர் காற்று போய் மோதும் கரையில் குவியும், எதிர்க்கரையில் குளிர்ந்த அடித்தண்ணீர் மேலே வரும். இது இயற்பியல், உறுதி. குளிர்ச்சியைத் தேடும் ட்ரௌட் ஆகஸ்டில் அதனால் எதிர்க்கரைக்கு நகரும் என்பது என் ஊகம், சில நாட்கள் பலித்திருக்கிறது, சில நாட்கள் கண்டுகொள்ளவே இல்லை.

பிடிக்கும் விதமும் காற்றால் மாறும். முதுகை காற்றுக்குக் காட்டி உட்கார்ந்து, காற்று போகும் திசையிலேயே வீசுங்கள், மெல்ல உதைத்துக்கொண்டே இருங்கள், தூண்டில் நரம்பு எப்போதும் விறைப்பாக இருக்கும். உதைப்பதை நிறுத்தினால் ட்யூப் ஃப்ளையை நோக்கி நகர்ந்து நரம்பு தொய்யும், கடித்தது தெரியவே தெரியாது. வீசும் கை வலது கையாக இருந்து காற்று வலப்பக்கம் இருந்து வந்தால் ஃப்ளை காதிலோ கழுத்திலோ வந்து பதியும், உடம்பைத் திருப்பிக்கொள்ளுங்கள், கண்ணாடி கண்டிப்பாகப் போடுங்கள், தூண்டில் முள்ளின் எதிர்க்கூரை நசுக்கிவிடுங்கள். இரண்டு ஃப்ளை கட்டும் ஆசையைக் காற்றுள்ள நாளில் விட்டுவிடலாம், சிக்கல் எடுப்பதிலேயே பொழுது போய்விடும். வீசுவதே கஷ்டம் என்றால் வீசாதீர்கள், மூழ்கும் நரம்பில் வூலி பக்கர் என்கிற ஃப்ளை ஒன்றைக் கட்டிப் பின்னால் விட்டுவிட்டு, கரைக்கு இணையாக மெதுவாக மிதந்து போனால் போதும், காற்றே படகோட்டும்.

குளிரைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் இதில் பேரம் கிடையாது. லைஃப் ஜாக்கெட்டைச் சாய்மானத்தில் மாட்டிவைக்காமல் உடம்பில் போடுங்கள். பனி உருகி வரும் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது, சுமார் பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், நினைவு தப்ப ஒரு மணி நேரம் போல ஆகும் என்று மானிடோபா பல்கலைக்கழக ஆய்வாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் ஒரு எளிய கணக்கு சொல்வார். அந்தப் பத்து நிமிடத்தில் கரைக்கு வரும் தூரத்தில் இருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. வேடர்ஸுக்குள் (தண்ணீர் புகாத, மார்புவரை வரும் கால்சட்டை) தண்ணீர் புகுந்தால் கல்லைப் போல அடியில் இழுக்கும் என்பது தவறு, தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடை தெரியாது. ஆனால் உடம்புச் சூடு போய்விடும், கரையேறும்போது அத்தனை தண்ணீரையும் நீங்கள்தான் தூக்க வேண்டும், அதனால் இடுப்பு வாரை இறுக்கிக் கட்டுங்கள். ட்யூபை வீட்டிலேயே விறைப்பாகக் காற்றடித்து வண்டியில் கட்டிக்கொண்டு போகாதீர்கள், அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், உள்ளே இருப்பது விரிந்து தையலைப் பதம் பார்க்கும். ஏரிக்கரையில் அடியுங்கள், குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் கொஞ்சம் தொய்யும், மேலேற்றிப் பம்பால் இன்னும் நாலு தரம் அடித்துக்கொள்ளுங்கள், மதியம் வெயிலில் கரையில் போடும்போது திறந்து கொஞ்சம் விடுங்கள்.

கடைசியாக மைத்துனர். இரண்டு ட்யூபையும் கட்டிக்கொள்ள வேண்டாம். கட்டினால் ஒருவர் உதைப்பது மற்றவரைத் திருப்பும், அலையில் இரண்டும் இடித்துக்கொள்ளும், ஃபின்ஸும் நரம்பும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், காற்றிலிருந்து தப்பும் வேகமோ துளிகூடக் கூடாது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருங்கள், காற்றில் குரல் எடுபடாது என்பதால் ஆளுக்கொரு விசில். ஆளுக்கு ஐந்து மீட்டர் கயிறு பையில் இருக்கட்டும், ஒருவருக்குக் கால் பிடித்துக்கொண்டால் மட்டும் அவருடைய ட்யூபின் முன்வளையத்தில் கட்டி, நீங்கள் அவரைப் பார்த்தபடியே பின்னோக்கி உதைத்து, பக்கத்துக் கரைக்கு இழுத்துவிடலாம். விடிந்ததும் இறங்கி பதினோரு மணிக்குள் வெளியே வந்துவிடுவதாக இரண்டு பேரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள், பத்தே முக்காலுக்குக் கடிக்க ஆரம்பித்தாலும் சரி.